பாக்கெட் பிஸ்கட்: பண்டமா, சாப்பாடா?

அப்பாவுக்கு சுகர் இருக்குன்னு தெரிஞ்ச வாரத்துல, பாக்க வந்த சொந்தக்காரங்க எல்லாரும் கையில பிஸ்கட் பாக்கெட்டோட தான் வந்தாங்க. முன்னாடியெல்லாம் பழம், ஸ்வீட், மிக்சர்னு வரும், இப்ப இது சுகர் இருக்கிற வீடு ஆயிட்டதால டைஜஸ்டிவ், ஓட்ஸ், ராகி, சுகர் ஃப்ரீன்னு விதவிதமா வந்து, ஒரே வாரத்துல அலமாரியில பதினோரு பாக்கெட் சேந்துடுச்சு. அப்பா அதுவரைக்கும் வருஷக்கணக்கா சாயங்கால டீக்கு ரெண்டே ரெண்டு முந்திரி குக்கீஸ் சாப்பிட்டுட்டு இருந்தவர். அதை அன்னிக்கே நிறுத்திட்டார். அதுக்கு பதிலா காலைல ஆறு டைஜஸ்டிவ், சாயங்காலம் ஆறு டைஜஸ்டிவ், நடுவுல பசிச்சா ஓட்ஸ் இல்லன்னா சுகர் ஃப்ரீ பிஸ்கட் நாலு. "இது சுகருக்கு நல்லதும்மா, பேரே டைஜஸ்டிவ் தானே"ன்னு சொல்லுவார். மூணு மாசம் கழிச்சு டெஸ்ட் எடுத்தா ஹெச்பிஏ1சி, அதாவது ரெண்டு மூணு மாச சுகரோட சராசரி, குறையல, ஏறி இருந்துச்சு. டயட்டீஷியன் அவர் ஒரு நாளைக்கு சாப்பிடுறதையெல்லாம் ஒண்ணொண்ணா கேட்டு எழுதிட்டு கடைசில சொன்னாங்க, "நீங்க அந்த பழைய ரெண்டு பிஸ்கட்டையே சாப்பிட்டுட்டு இருந்திருக்கலாம் சார்."

அந்த வரி எனக்குள்ள ரொம்ப நாள் ஓடிட்டே இருந்துச்சு. அதுக்கப்புறம் தான் பாக்கெட்டோட பின்பக்கத்தை படிக்க ஆரம்பிச்சேன், மாவு எப்படி பிசையுறாங்க, எண்ணெய் எதுக்கு, எவ்ளோ சாப்பிடலாம்னு தேடித்தேடி படிச்சேன். எனக்கு புரிஞ்சது இவ்ளோ தான்: கடையில வாங்குற பிஸ்கட்டுக்கு சரிவிகித சாப்பாட்டுல இடம் இருக்கு, ஆனா அந்த இடம் லட்டு, கடலை மிட்டாய், அதிரசம் எல்லாம் இருக்கிற வரிசையில, இட்லி, சாதம், சுண்டல் இருக்கிற வரிசையில கிடையாது. பண்டமா நினைச்சு ரெண்டு எடுத்து ரசிச்சு சாப்பிட்டா பெருசா ஒண்ணும் ஆகாது. டிபனுக்கு பதிலா, மருந்துக்கு பதிலா, பிள்ளைக்கு பால் சோறுக்கு பதிலான்னு போகும்போது தான் கணக்கு தப்புது, நம்ம ஊர்ல பெரும்பாலும் நடக்கிறதும் இந்த ரெண்டாவது கதை தான், ஏன்னா பிஸ்கட்டை நம்ம வீடுகள்ல யாரும் ஸ்வீட்னு நினைக்கிறதே இல்ல. "லேசா ஏதாவது சாப்பிடுங்க"ன்னா நீட்டுறது பிஸ்கட் தட்டை தான்.

இந்த "லேசு"ங்கிற நினைப்பு எங்கிருந்து வருதுன்னா, கையில எடுத்தா எடை இல்லாம இருக்குல்ல, அதுல இருந்து தான். எடை ஏன் இல்லைன்னா அதுல தண்ணி இல்ல. பிஸ்கட்ங்கிற வார்த்தையே லத்தீன்ல ரெண்டு தடவை சுட்டதுங்கிற அர்த்தத்துல இருந்து வந்தது, அந்த அர்த்தத்துக்கு இன்னிக்கும் பொருந்துறது நம்ம ரஸ்க் தான், ஒரு தடவை பிரெட்டா சுட்டு, அறுத்து, மறுபடி காய வெச்சு சுடுறது. பாக்கெட் பிஸ்கட்டை இப்ப ஒரே ஓட்டத்துல நீளமான அடுப்புக்குள்ள பெல்ட்ல போக விட்டு சுட்டு எடுக்கிறாங்க, ஆனா முடிவுல ஈரப்பதம் அஞ்சு சதவீதத்துக்கும் கீழ தான் நிக்கும். அதனால தான் பாக்கெட் ஆறு மாசம் கெடாம இருக்கு, அதனாலயே தான் கொஞ்சூண்டு பிஸ்கட்ல அவ்ளோ கலோரி அடங்கி இருக்கு. இட்லியை எடுத்துக்கோங்க, அதுல மூணுல ரெண்டு பங்குக்கு பக்கத்துல தண்ணி தான், 100 கிராம் இட்லின்னா சுமாரா 130 கலோரி. 100 கிராம் பிஸ்கட்னா 440ல இருந்து 500 கலோரி வரைக்கும் போகும். ரெண்டு மூணு இட்லி சாப்பிட்டா வயிறு "போதும்"னு சொல்லிடும், அதே எடைக்கு பிஸ்கட்னா ஒரு சின்ன பாக்கெட்டும் இன்னொண்ணுல பாதியும், பேசிட்டே இருக்கும்போது தீந்து போயிருக்கும், வயித்துக்கு தெரியவே தெரியாது.

எல்லா பிஸ்கட்டும் ஒண்ணு இல்ல, இதை புரிஞ்சுக்க பேக்கரி தொழில்ல மாவை எப்படி பிரிக்கிறாங்கன்னு தெரிஞ்சா போதும், லேபிளை பாக்காமலே பாதி சொல்லிடலாம். மேரி மாதிரி பிஸ்கட்டுக்கு மாவை நல்லா அடிச்சு பிசைஞ்சு இழுவை வர வெப்பாங்க, சர்க்கரையும் கொழுப்பும் கொஞ்சம் கம்மியா இருக்கும், சப்பாத்தி மாதிரி மெல்லிசா தேச்சு அச்சுல வெட்டுவாங்க. அதுல இருக்கிற குட்டி குட்டி ஓட்டை அழகுக்காக போட்டது இல்ல, அடுப்புல ஆவி வெளிய போகணும், இல்லன்னா பூரி மாதிரி உப்பிடும். பட்டர் பிஸ்கட், முந்திரி குக்கீஸ் வகை வேற மாதிரி, அதுல கொழுப்பு நிறைய போட்டு மாவோட ஒவ்வொரு துகளையும் அது சுத்திக்கிற மாதிரி கலப்பாங்க, இழுவையே வர விட மாட்டாங்க, அதனால தான் கடிச்சதும் பொலபொலன்னு உதிர்ந்து வாயில கரையுது. அதனால ஒரு பிஸ்கட் வாயில கரையுதுன்னா அதுல கொழுப்பும் சர்க்கரையும் கூட, டக்குனு சத்தம் போட்டு உடையுதுன்னா கொஞ்சம் கம்மி. இது நூத்துக்கு நூறு விதி கிடையாது, ஆனா நாக்கே ஒரு லேபிள் தான்னு எனக்கு அப்ப தான் புரிஞ்சது.

மேரிக்கு ஒரு கதை கூட இருக்கு. 1874ல லண்டன்ல பீக் ஃப்ரீன்ஸ்ங்கிற கம்பெனி, ரஷ்ய இளவரசி மரியா அலெக்சாண்ட்ரோவ்னாவுக்கும் இங்கிலாந்து ராணி விக்டோரியாவோட மகன் ஆல்ஃபிரட்டுக்கும் நடந்த கல்யாணத்துக்காக போட்ட பிஸ்கட் அது. கல்யாண வீட்டு பிஸ்கட். நம்ம ஊருக்கு வந்து அது காய்ச்சல்காரங்க பிஸ்கட்டா, சுகர்காரங்க பிஸ்கட்டா ஆயிடுச்சு.

சரி, கணக்குக்கு வருவோம். ஒரு மேரி சுமாரா அஞ்சு ஆறு கிராம் இருக்கும், 25 கலோரின்னு வெச்சுக்கலாம், சர்க்கரை ஒரு கிராமுக்கு கொஞ்சம் மேல. ஒரு முந்திரி குக்கி ஒன்பது பத்து கிராம், 45லிருந்து 50 கலோரி, சர்க்கரை ரெண்டு கிராமுக்கு மேல. ஆக நாலு மேரியும் ரெண்டு முந்திரி குக்கீஸும் கிட்டத்தட்ட ஒரே கணக்கு தான், நூறு கலோரி பக்கம், ஒரு டீஸ்பூன் சர்க்கரை பக்கம். கொழுப்பு மட்டும் குக்கீஸ்ல கூட. இதை பாத்தப்ப தான் எனக்கு அப்பா மேல பாவமா இருந்துச்சு. அவருக்கு உயிரா பிடிச்ச ரெண்டை விட்டுட்டு, பிடிக்கவே பிடிக்காத பன்னெண்டை தின்னுட்டு இருந்திருக்கார். டைஜஸ்டிவ் ஒண்ணு பத்து பன்னெண்டு கிராம் வரும், பன்னெண்டு டைஜஸ்டிவ்னா 600 கலோரியை தொடும், அது ஒரு நேர சாப்பாடு.

பிடிச்சதை கொஞ்சமா சாப்பிடுறதுக்கு பின்னாடி ஒரு ஆராய்ச்சியும் இருக்கு. பார்பரா ரோல்ஸ்னு ஒரு விஞ்ஞானி 1980கள் தொடக்கத்துல இருந்து இதை நிறைய பாத்திருக்காங்க, ஒரே பண்டத்தை சாப்பிட சாப்பிட அந்த ருசி மேல இருக்கிற ஆசை இறங்கிட்டே வரும், ஆனா வேற ருசி ஒண்ணை காமிச்சா மறுபடி சாப்பிட முடியும். நம்ம வீட்டு அனுபவத்துக்கு இது அப்படியே பொருந்துது. முதல் ரெண்டு பிஸ்கட் தான் ருசி, ஏழாவது பிஸ்கட் வெறும் கை பழக்கம். கல்யாண சீசன்ல வர்ற அந்த நாலு அஞ்சு வகை கலந்த டின் இருக்கே, அதை திறந்து வெச்சா ஏன் நிறுத்த முடியலைங்கிறதுக்கும் இது தான் காரணம், ஒண்ணு சலிச்சா பக்கத்துலயே இன்னொரு ருசி காத்துட்டு இருக்கு. ஒரே நேரத்துல வீட்ல ஒரு வகை பாக்கெட் மட்டும் திறந்து இருக்கட்டும், இது நான் வீட்ல வெச்ச முதல் விதி.

இப்ப சர்க்கரை. ஹைதராபாத்ல இருக்கிற தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024ல இந்தியர்களுக்கான உணவு வழிகாட்டியை புதுசா போட்டாங்க, அதுல தனியா சேர்க்கிற சர்க்கரை ஒரு நாளைக்கு 25 கிராமுக்குள்ள இருக்கணும்னு சொல்றாங்க, அதாவது அஞ்சு டீஸ்பூன். உலக சுகாதார நிறுவனம் 2015ல மொத்த கலோரியில பத்து சதவீதத்துக்குள்ள, முடிஞ்சா அஞ்சு சதவீதத்துக்குள்ளன்னு சொன்னது, அந்த அஞ்சு சதவீதமும் இதே 25 கிராம் தான். நம்ம ஆளுங்க காலைல ஒரு டீ, சாயங்காலம் ஒரு டீ, ஒவ்வொண்ணுலயும் ரெண்டு ஸ்பூன்னா அங்கேயே 20 கிராம் போயிடுச்சு. பிஸ்கட் தட்டு வர்றதுக்கு முன்னாடியே கணக்கு கிட்டத்தட்ட முடிஞ்சு போச்சு. இதை யாரும் பேசுறதே இல்ல, எல்லாரும் பிஸ்கட்டை மட்டும் திட்டுறாங்க. டீயில சர்க்கரையை அரை ஸ்பூனுக்கு கொண்டு வந்தீங்கன்னா கூட ரெண்டு குக்கீஸ் வெச்சுக்க தாராளமா இடம் இருக்கு, இனிப்பான பிஸ்கட் கூட குடிக்கும்போது டீயில இனிப்பு கம்மியா இருந்தா நாக்குக்கு தெரியிறதும் இல்ல, ரெண்டு வாரம் பழகினா போதும். சுகர் மாத்திரை போடுறவங்க மட்டும் இதையெல்லாம் உங்க டாக்டர்கிட்ட கேட்டுட்டு செய்யுங்க, ஒவ்வொருத்தர் கணக்கும் வேற.

லேபிள் படிக்கிறது கஷ்டம் இல்ல, ஆனா முன்பக்கத்தை நம்பாம நேரா பின்பக்கம் போகணும். சேர்த்த பொருள்களை எடை அதிகமானதுல இருந்து குறைஞ்சதுக்கு வரிசையா தான் போடணும்னு சட்டம். முதல் மூணு பேர் மைதா, சர்க்கரை, பாமாயில்னு இருந்தா அந்த பிஸ்கட் முக்காவாசி அது மூணும் தான், முன்னாடி பாதாம் படம் போட்டிருந்தாலும் சரி, தேன் சொட்டுற படம் போட்டிருந்தாலும் சரி. படம் போட்ட பொருள் எத்தனை சதவீதம்னும் அங்கேயே போட்டிருப்பாங்க, முந்திரி, ஓட்ஸ், ராகி எல்லாம் நிறைய பாக்கெட்ல ஒத்தை இலக்கத்துல நிக்கும். சர்க்கரை ஒரே பேர்ல வராது, இன்வர்ட் சிரப், லிக்விட் குளுக்கோஸ், மால்ட் எக்ஸ்ட்ராக்ட்னு தனித்தனியா நடுநடுவுல உக்காந்திருக்கும், அதனால பேரை எண்ணாம கீழ கட்டத்துல "சேர்த்த சர்க்கரை"ன்னு இருக்கிற எண்ணை பாருங்க. 500, 503னு எண் போட்டிருந்தா பயப்பட வேண்டாம், ஆப்பசோடாவும் அமோனியா சோடாவும் தான், உப்ப வைக்க. ஒண்ணு கவனிக்கணும், ஆப்பசோடாலயும் சோடியம் இருக்கு, அதனால இனிப்பு பிஸ்கட்லயும் உப்பு கணக்கு இருக்கும், பிபி இருக்கிறவங்க உப்பு பிஸ்கட்டை மட்டும் ஒதுக்குனா போதாது.

உணவு பாதுகாப்பை பாத்துக்கிற மத்திய அரசு அமைப்பான எஃப்எஸ்எஸ்ஏஐ விதிப்படி ஒரு தடவை சாப்பிடுற அளவுல ஒரு நாள் தேவையில எத்தனை சதவீதம் வருதுன்னும் போடணும், அந்த ஒரு நாள் கணக்குக்கு அவங்க வெச்சிருக்கிற அடிப்படை 2000 கலோரி, சேர்த்த சர்க்கரை 50 கிராம், நிறைவுற்ற கொழுப்பு (சாச்சுரேட்டட் ஃபேட்) 22 கிராம், சோடியம் 2000 மில்லிகிராம். இதுல சர்க்கரைக்கு 50 கிராம்னு வெச்சிருக்கிறதை பாருங்க, ஊட்டச்சத்து நிறுவனம் சொல்ற 25க்கு இது ரெண்டு மடங்கு. அதனால பாக்கெட்ல பத்து சதவீதம்னு போட்டிருந்தா நான் மனசுக்குள்ள இருபதுன்னு படிச்சுக்குவேன். இதை மாத்தணும்னு எனக்கு உண்மையாவே தோணுது, இத்தனை பேருக்கு சுகர் இருக்கிற நாட்டுல ரெண்டு அரசு அமைப்பு ரெண்டு எண் சொல்றது சரியில்ல. 2023ல வந்த இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில் (ஐசிஎம்ஆர்) ஆய்வுப்படி நாட்டுல 10 கோடி பேருக்கு மேல சுகர் இருக்கு, தமிழ்நாட்டுல பெரியவங்கள்ல 14 சதவீதத்துக்கு மேல.

அந்த "ஒரு தடவை அளவு" எத்தனை பிஸ்கட்னு பாருங்க, பெரும்பாலும் ரெண்டு மூணு தான் இருக்கும். நாம யாரும் எண்ணுறதில்ல. எண்ணின ஒருத்தர் நம்ம பக்கத்துலயே இருந்தார், 16 பிஸ்கட்னு போட்ட மேரி பாக்கெட்ல 15 தான் இருந்துச்சுன்னு கேஸ் போட்டு, 2023ல திருவள்ளூர் மாவட்ட நுகர்வோர் ஆணையம் அவருக்கு 1 லட்சம் ரூபாய் இழப்பீடு குடுக்க சொல்லுச்சு. பாக்கெட்ல குறையுற ஒண்ணை கவனிக்கிற கண்ணு நம்ம தட்டுல கூடுற நாலையும் கவனிக்கணும்.

டைஜஸ்டிவ் விஷயத்தை கொஞ்சம் விரிவா சொல்லணும், ஏன்னா எங்க வீட்ல அடி வாங்கினது அங்க தான். அந்த பேர் 19ம் நூற்றாண்டுல ஸ்காட்லாந்து, இங்கிலாந்து பக்கம் வந்தது, அதுல போடுற சோடா வயித்துக்கு நல்லது, செரிமானத்துக்கு உதவும்னு அன்னிக்கு நம்பினாங்க. அந்த நம்பிக்கை போயிடுச்சு, பேர் நின்னுடுச்சு. கோதுமை மாவும் தவிடும் சேர்றதால நார்ச்சத்து மேரியை விட கொஞ்சம் கூட இருக்கும், அது உண்மை, ஆனா தவிடு போட்ட மாவு கரகரன்னு இருக்கும்ல, அதை வாய்க்கு இதமாக்க கொழுப்பு கூட சேர்க்கணும். அதனால நிறைய டைஜஸ்டிவ் பாக்கெட்ல 100 கிராமுக்கு 20 கிராம் பக்கம் கொழுப்பு இருக்கும், மேரியில அது பத்துல இருந்து பன்னெண்டு தான். நார்ச்சத்து வேணும்னா ஒரு கிண்ணம் சுண்டல்லயோ ஒரு கொய்யாவுலயோ கிடைக்கிறது ஒரு சின்ன பாக்கெட் டைஜஸ்டிவ்ல கிடைக்கிறதுக்கு கிட்டத்தட்ட சமமா, இல்லன்னா மேலயே இருக்கும்.

சுகர் ஃப்ரீ இன்னும் சிக்கல். 100 கிராமுக்கு அரை கிராமுக்குள்ள சர்க்கரை இருந்தா அந்த பேர் போட்டுக்கலாம், ஆனா மைதா அப்படியே இருக்கு, உடம்புக்குள்ள போனா மாவும் குளுக்கோஸா தான் மாறும். சர்க்கரைக்கு பதிலா மால்டிட்டால், சார்பிட்டால் மாதிரி போடுவாங்க, நிறைய சாப்பிட்டா வயித்தால போகும், அந்த எச்சரிக்கையே பாக்கெட்ல சின்ன எழுத்துல இருக்கும். அப்பாவுக்கு அந்த மூணு மாசத்துல அடிக்கடி வயிறு சரியில்லன்னு சொன்னதுக்கு காரணம் இதுவா இருக்கலாம்னு ரொம்ப பின்னாடி தான் எனக்கு தோணுச்சு.

எண்ணெயை பத்தி பயமுறுத்துற செய்தி நிறைய சுத்துது, அதுல பாதி பழசு. டிரான்ஸ் கொழுப்பு தான் உண்மையான வில்லன், வனஸ்பதி காலத்து சரக்கு, இதயத்துக்கு நேரடியா கெடுதல். 2011ல இந்தியாவுல எண்ணெய், கொழுப்புல இது 10 சதவீதம் வரைக்கும் இருக்கலாம்னு விதி இருந்துச்சு, 2021 ஜனவரியில 3 சதவீதம், 2022 ஜனவரியில 2 சதவீதம்னு கொண்டு வந்துட்டாங்க, எண்ணெய் சேர்த்து செய்யுற பண்டங்களுக்கும் அதே அளவு தான். இது பெரிய விஷயம், இதுக்காக பாடுபட்டவங்களுக்கு நாம நன்றி சொல்லணும். வனஸ்பதிக்கு பதிலா இப்ப பெரும்பாலான பாக்கெட்ல பாமாயில். அறை சூட்டுல அது பாதி உறைஞ்ச மாதிரி நிக்கும், பிஸ்கட்ல இருந்து எண்ணெய் கசியாது, சீக்கிரம் காறல் அடிக்காது, விலையும் குறைவு, கம்பெனிக்காரங்க ஏன் விட மாட்டேங்கிறாங்கன்னு புரியுதுல்ல. அதுல பாதி நிறைவுற்ற கொழுப்பு. ரெண்டு குக்கீஸ்ல அது ரெண்டு கிராம் வரும், ஒரு நாள் எல்லையில பத்துல ஒரு பங்கு, அதை தாங்கிக்கலாம், ஒரு பாக்கெட்னா முடியாது. டீக்கடை கண்ணாடி ஜாடியில இருக்கிற பட்டர் பிஸ்கட், தேங்காய் பிஸ்கட்டுக்கும் சட்டம் ஒண்ணு தான், ஆனா ஒட்டின லேபிள் இல்ல, எந்த எண்ணெய்னு நமக்கு தெரிய வழி இல்ல, அதை எப்பவாவதுன்னு வெச்சுக்கிறது தான் என் வழக்கம்.

இப்ப நான் மேல சொன்ன அந்த "பதிலா" விஷயம். காலைல ஆஃபீஸுக்கு ஓடுற அவசரத்துல ஆறு மேரியும் ஒரு டீயும் டிபன்னு எத்தனை பேர் ஓட்டுறாங்க, குறிப்பா வீட்ல எல்லாருக்கும் டிபன் பாக்ஸ் கட்டிக் குடுத்துட்டு கடைசில தனக்கு நேரமில்லாம நிக்கிற அம்மாக்கள், அக்காக்கள். அந்த ஆறு மேரியில புரதம் மூணு கிராம் கூட தேறாது. பதினோரு மணிக்கு கை நடுங்குற பசி வரும், அப்ப மறுபடி பிஸ்கட். இதுக்கு ஒரு வாழைப்பழமும் ஒரு கைப்பிடி வேர்க்கடலையும் போதும், அந்த ஒரு கைப்பிடி கடலையில மட்டும் ஏழு கிராம் புரதம் இருக்கு, அடுப்பு பத்த வைக்க வேண்டாம், காசும் அதே தான். காய்ச்சல்னா பன்னும் ரஸ்க்கும் பிஸ்கட்டும் வாங்கிட்டு வர்ற பழக்கமும் அப்படி தான், வாய் கசக்கும்போது ரெண்டு கடிச்சுக்கிறதுல தப்பில்ல, ஆனா அதோட நிறுத்திடாம கஞ்சி, இட்லி, ரசம் சாதம்னு தண்ணியும் சத்தும் உள்ள ஏதாவது போகணும். கைக்குழந்தைக்கு பிஸ்கட்டை பால்லயோ வெந்நீர்லயோ கரைச்சு ஊட்டுறது இன்னும் நடக்குது, தயவு செஞ்சு வேண்டாம். ரெண்டு வயசு வரைக்கும் சர்க்கரை சேர்த்த பண்டமே வேண்டாம்னு குழந்தை டாக்டர்கள் தெளிவா சொல்றாங்க, அந்த வயசுல வயிறு கையளவு தான், அந்த இடத்தை மைதாவும் சர்க்கரையும் பிடிச்சுகிட்டா பருப்பு சோறு எங்க போகும்.

ஆனா இதை சொல்லும்போது ஒண்ணு மனசுல வெச்சுக்கணும், எல்லாருக்கும் பிஸ்கட் ஒரு பண்டம் மட்டும் இல்ல. அஞ்சு ரூபா பாக்கெட் இந்த நாட்டுல எத்தனையோ பேருக்கு ஒரு நேர சாப்பாடா இருந்திருக்கு. 2020 ஊரடங்குல மக்கள் நடந்தே ஊருக்கு போனப்ப வழியெல்லாம் குடுத்தது பார்லே ஜி பாக்கெட் தான், அந்த மாசங்கள்ல எண்பது வருஷத்துல இல்லாத விற்பனைன்னு அந்த கம்பெனியே சொன்னாங்க. வேற ஒண்ணும் கிடைக்காதப்ப 100 கிராமுக்கு 450 கலோரி கெடாம கையில இருக்கிறது உயிர் காக்கிற விஷயம். அதே குணம் தான், ஒரு வேலையும் இல்லாம சோஃபாவுல உக்காந்திருக்கிற நமக்கு எதிரா திரும்புது. கட்டட வேலைக்கு போறவர் டீயோட நாலு பிஸ்கட் சாப்பிடுறதை பாத்து உபதேசம் பண்றதுல எனக்கு உடன்பாடு இல்ல.

அதி பதப்படுத்தின உணவு, அதாவது வீட்டு சமையல்ல இல்லாத பொருள்களை சேர்த்து ஃபேக்டரியில செய்யுற உணவுன்னு இப்ப ஒரு பேச்சு ஓடுது, பாக்கெட் பிஸ்கட் அந்த பட்டியல்ல தான் வரும். 2019ல அமெரிக்காவுல கெவின் ஹால்ங்கிற ஆராய்ச்சியாளர் நடத்தின ஒரு ஆய்வுல 20 பேரை ஒரே இடத்துல தங்க வெச்சு, ரெண்டு வாரம் அந்த மாதிரி உணவு, ரெண்டு வாரம் சமைச்ச சாதாரண உணவுன்னு மாத்தி மாத்தி குடுத்தாங்க. ரெண்டுலயும் மேசையில வெச்ச கலோரி, சர்க்கரை, கொழுப்பு, நார்ச்சத்து எல்லாம் ஒரே அளவு தான். இருந்தும் பதப்படுத்தின உணவு குடுத்த நாள்கள்ல அவங்களே அறியாம தினமும் 500 கலோரி கூட சாப்பிட்டாங்க, ரெண்டு வாரத்துல கிட்டத்தட்ட ஒரு கிலோ ஏறிட்டாங்க. இதை படிச்சுட்டு பிஸ்கட்டே விஷம்னு சொல்றவங்க இருக்காங்க, நான் அப்படி படிக்கல. அங்க மூணு வேளையும் அதுவே சாப்பாடா இருந்துச்சு, அங்க தான் கெட்டுச்சு. மூணு வேளை வீட்டு சாப்பாடு, காய், பருப்பு, மோர் எல்லாம் ஒழுங்கா இருக்கிற ஒருத்தர் சாயங்காலம் ரெண்டு குக்கீஸ் சாப்பிடுறது வேற கதை.

சுத்தமா தடை போடுறதும் வேலைக்கு ஆகாது, முக்கியமா பிள்ளைங்ககிட்ட. 1999ல ஜெனிஃபர் ஃபிஷர், லியான் பிர்ச்னு ரெண்டு பேர் சின்ன குழந்தைங்களை வெச்சு ஒரு சோதனை பண்ணாங்க, ரெண்டு வகை பண்டத்துல ஒண்ணை எப்ப வேணாலும் எடுக்கலாம், இன்னொண்ணு கண்ணுக்கு தெரியும் ஆனா எடுக்க விட மாட்டாங்க. தடை போட்டதை பத்தியே தான் பிள்ளைங்க பேசுச்சு, அதையே கேட்டுச்சு. மேல் தட்டுல டப்பாவை ஒளிச்சு வைக்கிற ஒவ்வொரு வீட்டுலயும் இது நடக்குது. என் பையனுக்கு நான் இப்ப செய்யுறது என்னன்னா, ஸ்கூல் விட்டு வந்ததும் முதல்ல ஒரு பழமோ சுண்டலோ அவிச்ச முட்டையோ, கூட அதே தட்டுல ரெண்டு பிஸ்கட். இதை முடிச்சா தான் அதுன்னு பேரம் கிடையாது, பரிசும் கிடையாது. பேரம் பேசினா சுண்டல் தண்டனை ஆயிடும், பிஸ்கட் மகுடம் ஆயிடும். சாப்பிட்டதும் வாய் கொப்பளிக்கணும், பிஸ்கட் மாவு பல் இடுக்குல ஒட்டிகிட்டு ரொம்ப நேரம் இருக்கும், நாள் முழுக்க கொஞ்சம் கொஞ்சமா கொறிக்கிறதை விட ஒரு நேரத்துல சாப்பிட்டு முடிக்கிறது பல்லுக்கும் நல்லது.

பாக்கெட்டோட உக்காராதீங்க, இது மட்டும் நான் எல்லார்கிட்டயும் சொல்றது. பெரிய பாக்கெட், பெரிய தட்டுன்னா மனுஷங்க அதிகமா சாப்பிடுவாங்கன்னு காக்ரேன்ங்கிற மருத்துவ ஆய்வு அமைப்பு பல ஆய்வுகளை சேர்த்து பாத்து 2015ல போட்ட தொகுப்பும் சொல்லுது. தட்டுல ரெண்டு எடுத்து வெச்சுட்டு, பாக்கெட்டை மடிச்சு ரப்பர் பேண்ட் போட்டு, காத்து போகாத சம்படத்துல போட்டு மூடிட்டு, அப்புறமா வந்து உக்காருங்க. நமத்துப் போன பிஸ்கட்டை வீணாக்க கூடாதேன்னு அம்மா ஒருத்தியே பாதி பாக்கெட்டை தின்னு முடிக்கிற வேலையும் இதனால மிச்சம்.

அப்பா இப்ப மறுபடி அவரோட முந்திரி குக்கீஸுக்கு வந்துட்டார். தினமும் இல்ல, வாரத்துல நாலு நாள், டயட்டீஷியன் கேட்டு எழுதிக் குடுத்தது. டீயில சர்க்கரை போடுறதில்ல, பிஸ்கட்டுக்கு முன்னாடி ஒரு கிண்ணம் பச்சைப்பயறு சுண்டல். காலைல டைஜஸ்டிவ் போயி ரெண்டு இட்லியும் நிறைய சாம்பாரும் வந்தாச்சு, ராத்திரி சோறு குறைஞ்சிருக்கு, நடையும் மாத்திரையும் சரியா நடக்குது. அடுத்த டெஸ்ட்ல ஹெச்பிஏ1சி இறங்கியிருந்துச்சு, அது எல்லாம் சேந்து பண்ண வேலை, பிஸ்கட்டை மாத்தினதால மட்டும்னு சொல்ல மாட்டேன். ஆனா நாலு மணிக்கு அந்த எவர்சில்வர் தட்டை எடுத்துட்டு திண்ணைக்கு போயி, ஒரு குக்கியை டீயில தொட்டும் இன்னொண்ணை தொடாமலும் சாப்பிட்டுட்டு வர்றார், அந்த பத்து நிமிஷம் அவரை யாரும் கூப்பிடுறதில்ல.